பாட்டியின் சுகரைப் பார்த்து நர்சிங் கேட்கும் மகள்

ஐயா, வணக்கம்.

பாட்டிக்கு என்ன சமைக்கலாம், எவ்வளவு வைக்கலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் உங்கள் மகள், பிளஸ் டூ முடித்ததும் நர்சிங்தான் வேண்டும் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். “சர்க்கரை நோய்ச் சாப்பாட்டில்தான் ஆர்வம் என்றால் நியூட்ரிஷன் படிக்கட்டுமே, நர்சிங் எதற்கு?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் உங்கள் மகள் பக்கம்தான் நான் பேசப்போகிறேன்.

எவ்வளவு சாதம், எவ்வளவு பருப்பு என்று கணக்குப் போட்டு உணவுத் திட்டம் எழுதித் தருபவர் டயட்டீஷியன். அந்தத் தாள் நோயாளியின் தட்டுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பது நர்ஸுக்குத்தான் தெரியும்.

சில வருஷம் முன்பு என் அம்மா காலில் புண்ணோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். காலையில் இன்சுலின் போட வந்த நர்ஸ் முதலில் கேட்டது, “டிபன் வந்துடுச்சாம்மா?” வரவில்லை. ஊசியை டிரேயிலேயே வைத்துவிட்டு கேன்டீனுக்குப் போன் செய்தார். இட்லி வந்து, அம்மா கை கழுவி உட்கார்ந்த பிறகுதான் போட்டார். அது சீக்கிரமே வேலை செய்யத் தொடங்கும் வகை இன்சுலின். போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சுகர் இறங்கிவிடும். அரை மணி நேரம் முன்பே போட வேண்டிய வகையும் உண்டு. எந்த மருந்து, எந்த நேரம், தட்டு எங்கே வருகிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அவர் வேலை.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து சுகர் 280 காட்டியது. “ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன்” என்றார் அம்மா. நர்ஸ் என் பக்கம் திரும்பினார். வீட்டிலிருந்து ஒரு பெரிய டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்திருந்தேன். நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் வேகமாகச் செரித்து சுகர் சட்டென்று ஏறும், கேழ்வரகாக இருந்தாலும் அளவு உண்டு என்றார். அப்புறம் கேட்டார்: “வீட்ல யார் சமைக்கிறது?” சமைப்பவரிடம் பேசாமல் சர்க்கரை நோயாளிக்கு உணவு ஆலோசனை சொல்லிப் பயனில்லை. அன்று அவர் என்னிடம் பேசிய பத்து நிமிடம் என் அம்மாவுக்கு எந்த மாத்திரைக்கும் குறையாத உதவி.

சப்பாத்திக்கு மாறிவிட்டோம் என்று நான்கு சப்பாத்தி சாப்பிடுபவர், கொய்யாவை விட்டுவிட்டு ஜூஸ் குடிப்பவர், விரதம் என்று சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போடுபவர் என எல்லோரும் நர்ஸிடம்தான் உண்மையைச் சொல்வார்கள். சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் அளவுக்கு, அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது சுகர் 140-ஐத் தொட்டால் அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். அதைக் கேட்டு அந்தப் பெண் முதலில் அழுவதும் நர்ஸ் முன்னால்தான். பயத்தில் சாப்பாட்டையே குறைத்துவிடாமல் அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும்.

சரி, படிப்புக்கு வருவோம். பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. இரண்டாம் செமஸ்டரிலேயே உணவும் ஊட்டச்சத்தும் தனிப் பாடமாக வருகிறது. ஜி.என்.எம். என்ற 3 ஆண்டு நர்சிங், மகப்பேறு டிப்ளமோவும் இருக்கிறது. மேலே படிக்க நினைத்தால் பட்டப்படிப்பே நல்லது. கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். இதை மட்டும் யார் வாய்ச்சொல்லையும் நம்பி விடாதீர்கள்.

வேலைக்குத் தேவை இருக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர்கள் வீடுவரை போகிறார்கள். துணை சுகாதார நிலையங்களிலும் நர்ஸ்களுக்கு இடம் உண்டு. தனியார் நீரிழிவு மருத்துவமனைகளில், குறுகிய காலப் பயிற்சி முடித்த நர்ஸ்களை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே வைத்திருக்கிறார்கள்.

நைட் டியூட்டி பற்றிய உங்கள் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். அது இருக்கத்தான் செய்யும். தனியாரில் ஆரம்பச் சம்பளம் குறைவு. அரசு வேலையிலும் ஒப்பந்தத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்குக் காத்திருப்பவர்கள் பலர். இன்னொன்றும் மகளுக்குத் தெரிய வேண்டும்: முதல் சில வருடம் சுகர் நோயாளிகளை மட்டும் பார்க்க முடியாது. புண் கட்டுவது, படுக்கை மாற்றுவது, பிரசவ வார்டு எல்லாம் வரும். அதில் மனம் ஒட்டாது என்றால் நியூட்ரிஷனே அவளுக்கு நல்லது. அதில் குறை ஒன்றும் இல்லை.

விண்ணப்பம் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பாட்டிக்கு மாத்திரை வாங்கப் போகும் நாளில் மகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். காலை எட்டரைக்கே போய்விட்டால் நல்லது. பாட்டி ஒரு வாரம் என்ன சாப்பிட்டார், சுகர் எவ்வளவு இருந்தது என்று அவள் கைப்பட ஒரு நோட்டில் எழுதி வரட்டும். அதை அங்கிருக்கும் நர்ஸிடம் காட்டச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.