வீட்டிலும் கேட்கும் அலாரம்

கேள்வி: ஆறு வருடமாகத் தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸ். தொடர்ந்து ஆறு நைட் போடுகிறார்கள். வீட்டில் தூங்கும்போதும் மானிட்டர் அலாரம் கேட்கிறது. நோயாளி பெயர் மனதில் நிற்பதில்லை, ‘நாலாம் பெட்’தான். போன வாரம் ஒருவர் இறந்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வேலையை விட்டுவிடவா?
– பெயர் வேண்டாம், மதுரை

பதில்: நைட் முடித்து வந்த காலையில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள், சிஸ்டர். உங்கள் மனம் கல்லாகிவிடவில்லை. உடல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது: இம்மூன்றையும் சேர்த்து ‘பர்ன் அவுட்’ என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019இல் அதை நோய் என்று சொல்லாமல், வேலையால் வரும் நிலை என்றே வகைப்படுத்தியது. ஆகவே யோகா வகுப்போடு முடிகிற விஷயமில்லை.

அலாரத்திலிருந்து தொடங்குங்கள். ஐ.சி.யு.வில் அடிப்பதில் பெரும்பாலானவை வெற்று அலாரங்கள். காரணம்: நெஞ்சில் ஒட்டிக் காய்ந்துபோன எலக்ட்ரோடு, ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டி நழுவிய ப்ரோப், எல்லோருக்கும் ஒரே அலாரம் லிமிட். தினமும் உடம்பு துடைத்துவிடும்போதே எலக்ட்ரோடுகளை மாற்றுங்கள். தோல் நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு ஆக்சிஜன் 88–92 சதவீதம் போதும் என்று டாக்டர் எழுதியிருக்க, கீழ் லிமிட் 90இல் கிடந்தால் விடிய விடிய அடிக்கத்தான் செய்யும். டூட்டி ஏறியதும் டாக்டரிடம் கேட்டு லிமிட்டைச் சரிசெய்யுங்கள். அலாரத்தை அணைத்துவைப்பது மட்டும் கூடாது.

அடுத்தது நைட். காலை எட்டரைக்குப் படுப்பவர் இரவு இரண்டரைக்கு மேல் காபி குடிக்கக் கூடாது. இடைவேளையில் இருபது நிமிடம் கண்ணயரலாம். விழித்ததும் கால் மணி நேரம் மருந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்ப்பைத் தொடாதீர்கள், கணக்கு தப்பும்.

ஆறு நைட்டை மூன்றாக்கச் சொல்லி இன்சார்ஜிடம் கேளுங்கள். வெறுங்கையோடு போனால் “எல்லோருக்கும்தானே கஷ்டம்” என்பார்கள். நான்கு வாரம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நோயாளி, எத்தனை வென்டிலேட்டர், எத்தனை நர்ஸ் என்று குறித்துவையுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதே முறை. இரண்டு மூன்று பேருக்கு ஒருவராக எத்தனை ஷிஃப்ட் நின்றீர்கள் என்பது அந்தத் தாளில் தெரியும்.

மரணத்துக்குப் பின் உடனே அடுத்த அட்மிஷனுக்கு ஓடாதீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற நர்ஸ் தொடங்கிய வழக்கம் ஒன்று உண்டு: இறந்தவர் கட்டிலருகே எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பது. செலவில்லை, அவர் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு நில்லுங்கள்.

லீவு நாளிலும் எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

தாளைக் காட்டியும் ஒன்றும் மாறவில்லையா? முதலில் வார்டு மாற்றம் கேளுங்கள். டயாலிசிஸ் பிரிவில் பெரும்பாலும் நைட் குறைவு.