ஓலா எலெக்ட்ரிக் ஆலையின் திறன் என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். எதை நம்பி மெஷின் வாங்குவது?

பெங்களூரு பொம்மசந்திராவில் உதிரிபாகம் செய்பவர், கடன் போட்டு மெஷின் வாங்கும் முன் கேட்கிறீர்கள். சரியான நேரத்தில் வந்த கேள்வி.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி ஆலைக்கு 2021-இல் அறிவித்தது: முதல் கட்டம் ஆண்டுக்கு 20 லட்சம் ஸ்கூட்டர், முழுதாக முடிந்தால் 1 கோடி. 2024-25-இல் நிறுவனமே சொன்ன டெலிவரி சுமார் 3.6 லட்சம். முன்னது திட்டம், பின்னது விற்பனை. ஆலை எவ்வளவு செய்யும் என்பதை இரண்டுமே சொல்லவில்லை. ஆனால் உங்கள் மெஷினை ஓட்டப்போவது பின்னதுதான்.

ஆண்டுக்கு 300 நாள், 2 ஷிஃப்ட், இடைவேளை போக ஷிஃப்டுக்கு ஏழரை மணி என்று வையுங்கள். நாளைக்கு 54,000 நொடி. 20 லட்சம் வேண்டுமானால் 8 நொடிக்கு ஒரு வண்டி வர வேண்டும். 3.6 லட்சத்துக்கு 45 நொடிக்கு ஒன்று போதும். ஷிஃப்டும் நாளும் சொல்லாத திறன் எண்ணைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

அசெம்பிளி லைன் ஒன்றைக் கூட்டுவது எளிது. பொதுவாக இழுத்துப் பிடிப்பது பெயிண்ட் ஷாப். வண்டிக்கு 8 பேனல் என்றால், 20 லட்சம் கணக்கில் நாளைக்கு 53,000 பேனல் ஓவனுக்குள் போய் வர வேண்டும். கன்வேயரை வேகமாக ஓட்டினால் பெயிண்ட் சரியாக வேகாமல் உரியும். ரீவொர்க்குக்கு, அதாவது மறுபடி பெயிண்ட் அடிக்கத் திரும்பும் பேனலும் அதே ஓவனில்தான் இடம் பிடிக்கும். 10 சதவீதம் திரும்பினாலே திறனில் பத்தில் ஒன்று போயிற்று.

எந்த நிறுவனமானாலும் பங்கு வெளியீட்டு ப்ராஸ்பெக்டஸில் நிறுவிய திறன் அட்டவணையைத் தேடுங்கள். ஷிஃப்ட், நாள் எல்லாம் அடிக்குறிப்பில்தான் ஒளிந்திருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க அனுமதியில் எவ்வளவு உற்பத்திக்கு அனுமதி என்பது இருக்கும். அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனில் மாதப் பதிவு தெரியும். அது உற்பத்தி அல்ல, ஒரு மாதத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். மூன்று மாதச் சராசரி எடுங்கள்.

வண்டி நிறுவனம் உங்களுக்குத் தரும் சப்ளை ஷெட்யூலில் முதல் மாதம்தான் பெரும்பாலும் உறுதி, மீதி வெறும் ஃபோர்காஸ்ட். இஎம்ஐ அந்த உறுதி எண்ணிக்கையிலேயே கட்டுப்படியாக வேண்டும். டை (அச்சு), ஃபிக்ஸ்சர் (பாகத்தைப் பிடித்து வைக்கும் அமைப்பு) செலவைப் பீஸ் விலையில் கரைக்கச் சொன்னால், சொன்ன எண்ணிக்கையை எடுக்காவிட்டால் மீதியை அவர்களே தர வேண்டும் என்று பிஓ-விலேயே (பர்ச்சேஸ் ஆர்டர்) எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள்.