பொதுக் கணினியில் போல்டர்கள் இடம் மாறாமல் காப்பது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகம் எங்களுடையது. ஒரு கணினியில் உள்ள பொதுப் போல்டரை மற்ற மூன்று கணினிகளிலிருந்தும் பாவிக்கிறோம். உள்ளே ஊர்வாரியாகப் போல்டர்கள். அடிக்கடி ஒன்று காணாமல் போய், பிறகு வேறு ஊரின் போல்டருக்குள் கிடக்கிறது. மவுஸால் இழுத்து நகர்த்துவதையே நிறுத்த முடியுமா?

பதில்: முற்றாக நிறுத்தும் பொத்தான் விண்டோஸில் இல்லை. அழிக்கும்போது ‘நிச்சயமா?’ என்று கேட்க வைக்கலாம். நகர்த்தும்போது அப்படிக் கேட்க வைக்க வழியில்லை. ஆனால் இரண்டு இடங்களில் தடை போடலாம். ஒன்று கைதவறலைக் குறைக்கும், மற்றது நகர்த்தும் உரிமையையே எடுத்துவிடும். இரண்டும் வேண்டும்.

மவுஸின் இடது பொத்தானை அழுத்தியபடி 4 பிக்சல் அசைந்தாலே விண்டோஸ் அதை இழுப்பாக எடுத்துக்கொள்ளும். ஒரே ட்ரைவுக்குள் இழுத்தால் பைல் கொப்பியாகாது, இடமே மாறிவிடும். பெயர் வரிசையில் கொக்குவில், கோண்டாவில், கோப்பாய் அடுத்தடுத்து நிற்கும்போது ஒரு வரி சறுக்கினால் போதும், கொக்குவில் கோண்டாவிலுக்குள் போய்விடும்.

இந்த 4 என்ற அளவைக் கூட்டுங்கள். விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, எச்கீ கரண்ட் யூசர், அதற்குள் கண்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டொப் என்று போனால் ட்ராக்ஹைட், ட்ராக்விட்த் என இரண்டு பெறுமதிகள் இருக்கும். இரண்டையும் 80 ஆக்கிவிட்டு, சைன் அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். 10, 15 போதாது. பட்டியலில் ஒரு வரியின் உயரமே அதைவிடக் கூட. இந்த மாற்றம் பயனர் கணக்குக்குக் கணக்கு தனி என்பதால் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொருவரின் கணக்கிலும் செய்யவேண்டும். டெஸ்க்டொப்பில் ஐகன்களை இழுப்பதும் சற்று இறுக்கமாகத் தோன்றும். அது பழகிவிடும்.

அதே வேளையில் மவுஸையும் பாருங்கள். மவுஸ் ப்ரொப்பர்ட்டீஸில் க்ளிக்லொக் (பொத்தானைச் சற்று அழுத்தினால், விட்ட பிறகும் அழுத்தியபடியே வைத்திருக்கும் வசதி) இயங்கினால் நிறுத்துங்கள். இடது பொத்தான் தேய்ந்து, ஒரு தட்டல் இரண்டாகப் பதிவாகும் மவுஸை மாற்றிவிடுங்கள்.

உண்மையான பூட்டு அனுமதிகளில்தான் உள்ளது. போல்டரின் ப்ரொப்பர்ட்டீஸில் ‘ரீட் ஒன்லி’ என்ற பெட்டியில் சரி போடுவது பலரும் செய்வது. அதனால் பயனில்லை: அது உள்ளே உள்ள பைல்களுக்கானது, போல்டர் நகர்வதைத் தடுக்காது.

பொதுப் போல்டர் இருக்கும் கணினியில் நிர்வாகிக் கணக்கில் நுழையுங்கள். ஊழியர்களுக்குச் சாதாரணக் கணக்குகளே இருக்கவேண்டும். எல்லோரும் நிர்வாகி என்றால் கீழே சொல்வது எதுவும் நிற்காது. பொதுப் போல்டரின் செக்கியூரிட்டி, அட்வான்ஸ்ட் பகுதியில் இன்ஹெரிட்டன்ஸை, அதாவது மேலிருந்து அனுமதிகள் தானாக இறங்குவதை, நிறுத்தி, இருக்கும் அனுமதிகளை வைத்துக்கொள்ளும் தெரிவை எடுங்கள். பிறகு ஒதென்டிகேற்றட் யூசர்ஸ், யூசர்ஸ் என்ற வரிகளை நீக்குங்கள். நிர்வாகிகளும் சிஸ்டமும் இருக்கட்டும். ஊழியர்களுக்கு ‘ரீட் அன்ட் எக்சிகியூட்’ மட்டும், ‘திஸ் போல்டர் ஒன்லி’ என்று கொடுங்கள்.

அடுத்து ஒவ்வொரு ஊர்ப் போல்டரிலும் ஊழியர்களுக்கு இரண்டு வரிகள். முதலாவது ‘மொடிபை’ (வாசிக்க, எழுத, அழிக்க உரிமை), பொருந்தும் இடம் ‘சப்போல்டர்ஸ் அன்ட் பைல்ஸ் ஒன்லி’. இரண்டாவது ‘திஸ் போல்டர் ஒன்லி’: வாசிப்பு, புதிய பைல் உருவாக்கல், புதிய போல்டர் உருவாக்கல். ‘டிலீட்’ வேண்டாம். ஒரு போல்டரை நகர்த்த அதன்மேல் அழிக்கும் உரிமை வேண்டும் என்பதால் ஊர்ப் போல்டர் தன் இடத்திலேயே நிற்கும். உள்ளே வேலை வழமைபோல் நடக்கும். ‘புல் கண்ட்ரோல்’ மட்டும் எங்கும் கொடுக்காதீர்கள். மேல் போல்டரில் அது இருந்தால், கீழ் போல்டரில் நீங்கள் மறுத்த உரிமை அந்த வழியால் திரும்பக் கிடைத்துவிடும்.

பைல்களில் அழிக்கும் உரிமையை எடுக்கவேண்டாம். எக்செல், வேர்ட் இரண்டும் சேமிக்கும்போது தற்காலிகப் பைல் ஒன்றை எழுதி, பழையதை அகற்றி, அதன் பெயரைப் புதியதற்குக் கொடுக்கும். உரிமை இல்லாவிட்டால் சேமிப்பே தோற்கும். கணக்கு முடிந்த ஆண்டுகளின் போல்டர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றை உள்ளடக்கம் முழுவதற்கும் வாசிப்பு உரிமை மட்டும் கொடுத்து மூடிவிடுங்கள். என் கணிப்பில் உங்களுக்கு அதிக நிம்மதி தரப்போவது இதுதான்.

எல்லாப் போல்டர்களிலும் செய்யமுன்னர், நாலைந்து தேவையற்ற பைல்களுடன் ஒரு சோதனைப் போல்டர் வைத்து, ஊழியர் கணக்கிலிருந்து இழுத்துப் பாருங்கள். போல்டர் நிற்கிறதா என்று மட்டுமல்ல, உள்ளே இருந்தவை அப்படியே உள்ளனவா என்றும் பாருங்கள். உள்ளே உள்ள பைல்களை அழிக்கும் உரிமை ஊழியருக்கு இன்னும் இருக்கிறது. வலையமைப்பு வழியாக அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. ஆகவே வெளி ஹார்ட் டிஸ்க்கில் தினமும் ஒரு பிரதி அவசியம்.

இழுக்கும் நடுவில் தவறென்று தெரிந்தால், பொத்தானை விடாமல் எஸ்கேப் அழுத்துங்கள். விட்டுவிட்டால் உடனே, அதே கணினியில், கண்ட்ரோலுடன் இசட். வேறு வேலை செய்த பிறகு அதைத் தொடர்ந்து அழுத்தினால் சரியாகச் செய்தவையும் திரும்பிவிடும். நேரம் கடந்திருந்தால் பொதுப் போல்டரை ‘டேட் மொடிபைட்’ வரிசையில் அடுக்குங்கள். நகர்ந்த போல்டரின் திகதி மாறாது, ஆனால் அதை வாங்கிக்கொண்ட போல்டரின் திகதி அந்த நேரத்துக்கு மாறியிருக்கும். முதலில் அதைத் திறந்து பாருங்கள்.