மாமர நிழலில், தண்ணீர் அதிகம் கேட்காத நாட்டுப் பழச்செடி எதை வைக்கலாம்?

கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டின் பின்புறம் மூன்று பெரிய மாமரங்கள் நிற்பதாகவும், அவற்றின் நிழலில் எதை நட்டாலும் கோடையில் காய்ந்துவிடுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். என் பரிந்துரை களாச்செடி. வத்தல்மலை ஏறும்போது பாறைச் சரிவுகளில் முள்ளோடு அடர்ந்து நிற்கும் சிறுகளாவின் நெருங்கிய உறவான இது, நம் செம்மண்ணிலும் சரளையிலும் வேர்பிடித்துவிட்டால், பெய்யும் மழையைக் கொண்டே வாழ்ந்துவிடும்.

ஆனால் நிழலைத் தாங்குவது வேறு, நிழலில் காய்ப்பது வேறு. பாலக்கோட்டில் என் வீட்டில் ஒரே நாளில் இரண்டு கன்றுகள் நட்டேன். மாமரத்தின் அடியை ஒட்டி வைத்தது வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்ததே தவிர, நான்கு ஆண்டுகளாகியும் கைப்பிடிக் காய் கூடத் தரவில்லை. கிளைகளின் நுனி முடியும் இடத்தில், கிழக்கு வெயில் மதியம் வரை விழும்படி வைத்தது மூன்றாம் ஆண்டிலேயே காய்த்தது. மரத்தடியில் செடி வாடுவதற்கு நிழலை மட்டும் குறை சொல்ல முடியாது. மேல்மண்ணின் ஈரத்தை மாவேர்கள் முந்திக்கொள்வதும் ஒரு காரணம். ஆகவே உங்கள் மரங்களின் நிழல் விளிம்பில், கிழக்குப் பக்கமாக இடம் பாருங்கள். அறுவடை முடிந்து மாமரத்தைக் கவாத்து செய்யும்போது தாழ்ந்த கிளைகள் சிலவற்றை நீக்கினால் வெளிச்சம் இன்னும் கூடும்.

விதையிலிருந்து வளர்ப்பதானால், பழத்திலிருந்து எடுத்தவுடன் கழுவி விதைத்துவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டு விதைத்த எனக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. களா விதையின் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். கன்று வாங்கினால் ஆடி, ஆவணி மழையில் ஒன்றரை அடிக் குழியெடுத்து மட்கிய எருவோடு நடுங்கள். வறட்சி தாங்கும் செடி என்ற நம்பிக்கையில் முதல் ஆண்டே தண்ணீரை நிறுத்திவிடக் கூடாது. முதல் இரண்டு கோடைகளிலும் நான்கு நாளைக்கு ஒரு குடம் ஊற்றி, உதிர்ந்த மாவிலைகளையே மூடாக்காகப் போட்டேன். அதன்பின் ஊற்றவில்லை. தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது.

முள்ளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். கவையாகப் பிரிந்த அந்த முள் செருப்பையும் துளைக்கும். களா பழுப்பதும் மாங்காய் பறிப்பதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருவதால், தொரட்டியும் கூடையுமாக ஆட்கள் நடமாடும் வழியை விட்டுத் தள்ளி நடுவது நல்லது. வேலியோரம் 5 அடிக்கு ஒன்றாக வைத்தால் உயிர்வேலியாகவும் பயன்படும். காயைப் பறிக்கும்போது வரும் பால் கையில் பிசுபிசுக்கும். எண்ணெய் தடவிக்கொண்டு பறியுங்கள்.

ஊறுகாய்க்குப் பச்சைக் காயாகவே எடுத்துவிடுங்கள். கருத்துப் பழுக்கட்டும் என்று காத்திருந்தால், எங்கள் வீட்டில் நடப்பதுபோலக் கொண்டைக்குருவிகளுக்குப் போக மிஞ்சியதுதான் உங்களுக்கு.