டர்பனிலிருந்து சென்னை: 9 மணி நேரமா, 19 மணி நேரமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “72 வயது அம்மாவை முதல்முறையாகச் சென்னைக்குக் கூட்டிப் போகிறேன். அங்கிருந்து வேலூர் பக்கம், தாத்தாவின் ஊர். இணையத்தில் டர்பன்–சென்னை 9 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. ஆனால் துபாய் வழி டிக்கெட்டில் மாலை 7 மணிக்கு ஏறி மறுநாள் பிற்பகல் 2 மணிக்குத்தான் இறங்குகிறோம். எது சரி?”

இரண்டும் முழுக்கச் சரியில்லை. உங்கள் பயணம் பதினைந்தரை மணி நேரம்.

இணையம் காட்டும் 9 மணி நேரம் வெறும் வரைபடக் கணக்கு. டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் நேராக 7,100 கி.மீ. போல இருக்கும். அதை விமான வேகத்தால் வகுத்துச் சொல்லிவிடுகிறார்கள். அப்படி நேரே போகிற விமானம் இல்லை. டர்பன்–துபாய் சுமார் 6,600 கி.மீ., எட்டரை மணி நேரம். துபாய்–சென்னை 2,900 கி.மீ. சொச்சம், 4 மணி நேரம். சுற்றிப் போவதால் 2,400 கி.மீ. கூடுகிறது. நடுவில் 3 மணி நேரக் காத்திருப்பு.

சரி, டிக்கெட்டில் 19 மணி நேரம் வருகிறதே? டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். இந்தியா தென்னாப்பிரிக்காவைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், திரும்பும்போது கூட்டுங்கள். இரண்டு நாட்டிலும் கோடையில் கடிகாரத்தை மாற்றுகிற வழக்கம் இல்லாததால் வருடம் முழுக்க இதே கணக்குதான். அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வேளைகளையும் இதை வைத்தே டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

1860-ல், இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் அக்டோபர் 12-ஆம் தேதி மெட்ராஸை விட்டு, நவம்பர் 16-ஆம் தேதிதான் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. ஐந்து வாரம்! அதே பயணத்தை எதிர்த்திசையில், வான்வழியே போகப் போகும் உங்கள் அம்மா களைப்பில்லாமல் போய் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: விமானத்தில் இருக்கும் நேரத்தைவிட நடுவில் மாறும் நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை மணி நேர இடைவெளி இளைஞர்களுக்குச் சரி. துபாய் பெரிய நிலையம். ஒரு வாசலிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலேறக்கூட வேண்டி வரலாம். 3 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியை இரண்டு நாள் முன்பே கேட்டு வையுங்கள், அதற்குக் காசு கிடையாது.

விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்காதீர்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை. பெட்டியையும் நடுவில் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டி வரும்.

நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழி மலிவாகக் கிடைத்தால் மஞ்சள் காய்ச்சல் விதியைக் கவனியுங்கள். திரும்பும்போது அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். அந்த வயதில் அந்த ஊசியைத் தவிர்ப்பதே நல்லது என்று டாக்டர்கள் சொல்வதுண்டு. அதனால் துபாய் வழியே போங்கள்.

பிற்பகல் 2 மணிக்கு இறங்கி, இமிக்ரேஷன் முடிந்து வெளியே வர நாலு மணியாகிவிடும். வேலூர் இன்னும் 140 கி.மீ. சாயங்கால நெரிசலில் கிளம்பாமல், அன்று ராத்திரி சென்னையில் தங்கிக் காலையில் புறப்படுங்கள்.