பகலில் பறந்தால் பட்டாம்பூச்சியா?

கேள்வி: அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் நீல மார்ஃபோவும் சரி, பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஹம்மிங்பேர்டு ஹாக் மாத்தும் சரி, பகலில்தான் பறக்கின்றன. பிறகு ஏன் ஒன்று பட்டாம்பூச்சி, மற்றது அந்துப்பூச்சி?

பதில்: பறக்கும் நேரத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், பகலில் திரியும் அந்துப்பூச்சிகள் ஏராளம். உணர்கொம்பைப் பாருங்கள். மார்ஃபோவுக்கு அது மெல்லிய கம்பி மாதிரி, நுனி மட்டும் லேசாகத் தடித்திருக்கும். ஹாக் மாத்துக்குப் போகப் போகத் தடித்து, கடைசியில் சின்னக் கொக்கியாக வளையும். உட்கார்ந்தால் மார்ஃபோ சிறகுகளை முதுகுக்கு மேல் சேர்த்து நிமிர்த்திவிடும். நீலம் மறைந்து, கண்போன்ற வட்டங்கள் கொண்ட பழுப்புதான் தெரியும். ஹாக் மாத் சிறகைப் பின்னோக்கிப் படுக்கவைக்கும். செத்த பூச்சி கிடைத்தால் லென்ஸில் பின்சிறகின் அடியைப் பாருங்கள்: விறைப்பான முள்மயிர் ஒன்று அங்கிருந்து கிளம்பி முன்சிறகில் மாட்டியிருந்தால், அது அந்துதான்.

பறக்கும் விதத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு. மார்ஃபோவுக்கு 12 செ.மீ. அளவுக்கு விரியும் சிறகு, ஒல்லி உடல். நிதானமாக அடித்தே மிதந்து போய்விடும். ஹாக் மாத்தோ 4, 5 செ.மீ. சிறகில் பருத்த உடலைச் சுமக்கிறது. நொடிக்கு 70, 80 முறை அடித்தால்தான் அந்தரத்தில் நிற்கும். குளிர்ந்த தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்பதால், கிளம்புமுன் சிறகை நடுக்கி மார்பைச் சூடேற்றிக்கொள்ளும். அடிபட்டு நடுங்குகிறதென்று கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஹாக் மாத்தைப் படமெடுத்தால் சிறகு புகைபோல விழுகிறதே?

பதில்: ஒரு அடிப்புக்கு ஏறக்குறைய 13 மில்லிநொடி. ஷட்டரை 1/250 நொடியில் வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு படத்தில் பதிந்துவிடும். 1/2000க்கு மேல் போங்கள், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றுங்கள். துரத்தவும் வேண்டாம், ஒரு பூவில் ஓரிரு நொடிதான் நிற்கும். அது இன்னும் தொடாத பூவில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். மார்ஃபோவுக்குப் பூவருகே காத்திருப்பது வீண். அது அழுகிய பழத்துக்கும் மரச்சாற்றுக்கும்தான் வரும்.

கேள்வி: மார்ஃபோவின் நீலம் சாயமா?

பதில்: இல்லை. செதில்களில் உள்ள நுண்ணிய அடுக்குகள் நீல ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. செத்த மார்ஃபோவின் சிறகில் ஒரு சொட்டு ஆல்கஹால் விடுங்கள்: அடுக்குகளுக்கு நடுவே காற்று இருந்த இடத்தைத் திரவம் பிடித்ததும் பச்சையாகும், காய்ந்தால் நீலம் திரும்பும். துணியால் துடைத்தால் திரும்பாது, செதிலே உதிர்ந்துவிடும்.