ஆஷ் ஏன் திரும்பி நடந்தான்? – கடிதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். பரீட்சை லீவுக்குப் பள்ளத்தூரில் ஆயா வீட்டுக்குப் போயிருந்தபோது ‘பனானா ஃபிஷ்’ என்ற அனிமேயை (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) இரண்டே ராத்திரியில் பார்த்து முடித்தேன். கடைசி எபிசோடு முடியும்போது விடிந்துவிட்டது. வளவுத் தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஆயா எழுந்து வந்து “யாருடி செத்தது?” என்றார்கள். “நியூயார்க்கில் ஒரு பையன், ஆயா” என்றேன். “ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலையா?” என்று கேட்டார்கள். அழுகை போய் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதைத்தானே நானும் கேட்கிறேன்!

சோக முடிவு பிடிக்காதவள் இல்லை நான். ஆனால் கதாநாயகன் ஆஷ் இப்படிச் சாகிறவன் இல்லை. அத்தனை எபிசோடும் தப்பிப் பிழைத்தவன் கடைசிச் சில நிமிஷங்களில் வேறு ஆளாகிவிடுகிறான். தோழிகள் “நிஜ வாழ்க்கை அப்படித்தான்” என்கிறார்கள். நான் சொல்வது சின்னப்பிள்ளைத்தனமா? இந்த முடிவை ஒதுக்கிவிட்டு எனக்கென்று ஒரு முடிவை எழுதிக்கொண்டால் தப்பா?

(பெயர் வேண்டாம்)
தேவகோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் ஆயா கேட்டதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்கலாம். (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றிப் பேச எனக்கு வழி தெரியவில்லை.)

மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: ஆஷ் லிங்க்ஸ் நியூயார்க்கின் தெருக் கும்பல் ஒன்றின் தலைவன். சிறு வயதிலேயே பெரிய மனிதர்களின் வக்கிரத்துக்கு இரையாக்கப்பட்டவன். ஜப்பானிலிருந்து வந்த ஏய்ஜி ஒருவன்தான் அவனிடம் எதையும் எதிர்பார்க்காமல் கூட நிற்கிறான். குண்டடி பட்டுத் தேறிய ஏய்ஜி ஊர் திரும்பும் நாளில், அவன் எழுதிய கடிதத்தைச் சைனாடவுன் கும்பலைச் சேர்ந்த சிங் கொண்டுவந்து ஆஷிடம் கொடுக்கிறான். நூலகத்தில் உட்கார்ந்து படித்த ஆஷ் ஏய்ஜியைப் பார்க்க எழுந்து ஓடுகிறான். வாசலுக்கு வெளியே அதே கும்பலைச் சேர்ந்த லாவ் கத்தியால் குத்திவிடுகிறான். ஆஷ் அவனைச் சுட்டுவிட்டு, நூலகத்துக்கே தள்ளாடித் திரும்பி, கடிதத்தின் மேல் தலை சாய்த்துச் சிரித்த முகத்தோடு இறக்கிறான். பார்க்கிறவர்கள் தூங்குகிறான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கத்தியில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கும்பலின் பழைய தலைவன் ஷார்ட்டர் ஆஷின் கையால் செத்த நாளிலிருந்தே சைனாடவுன் பையன்களுக்கும் ஆஷுக்கும் கணக்கு பாக்கி. லாவ் சிங்குக்கு அண்ணன் முறை. தம்பியை ஆஷ் கொன்றுவிடுவான் என்ற பயத்தில் முந்திக்கொள்கிறான். ஆஷோ கடிதம் படித்த சந்தோஷத்தில் சுற்றுமுற்றும் பார்க்காமல் ஓடுகிறான். கதை முழுக்க முதுகுக்குப் பின்னால் கண் வைத்திருந்தவன், அதை மறந்த அந்த ஒரு நிமிஷத்தில் மாட்டிக்கொள்கிறான். இதை வெறும் கண்ணீருக்காகச் செய்த வேலை என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகவே கட்டியிருக்கிறார்கள்.

சிக்கல் கத்திக்குப் பிந்தைய சில நிமிஷங்களில்தான். நீங்கள் மூலச் சித்திரக்கதையைப் படித்தீர்களா என்று தெரியவில்லை. அகிமி யோஷிதா அதை 1985-இலிருந்து 1994 வரை தொடராக வரைந்தார், 19 தொகுதிகள். நீங்கள் பார்த்தது 2018-இல் வந்த 24 எபிசோடு. அனிமேக்காரர்கள் கதையை எண்பதுகளிலிருந்து நம் காலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வியட்நாம் போர் ஈராக் போராயிற்று, எல்லார் கையிலும் செல்போன் வந்தது. முடிவை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1985-இன் ஆஷ் குத்துப்பட்டால், உதவிக்கு ஆளைத் தேடிப் போக வேண்டும். நேரம் போய்விட்டது என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளலாம். 2018-இன் ஆஷ் நடுமன்ஹாட்டனில், ஆள் நடமாட்டமுள்ள ஒரு பெரிய கட்டடத்துக்குள், யாரையும் கூப்பிடாமல் ஒரு மேசையைத் தேடிப் போகிறான். ஆயா கேட்டது இந்த இடைவெளியைத்தான். அவன் பிழைக்க முடியாமல் போனவனா, பிழைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவனா? அனிமே இரண்டாவதை நோக்கித் தள்ளிவிட்டு, அதற்கான காரணத்தைச் சொல்லாமல் திரையை இழுத்துவிடுகிறது.

“கிளிமஞ்சாரோ சிறுத்தை முன்பே வந்துவிட்டதே” என்று ஒரு வாதம் உண்டு. ஹெமிங்வே கதையில் பனிமலை உச்சியருகே செத்துக் கிடக்கும் சிறுத்தையைத் தன் சாவோடு சேர்த்து நினைப்பதாக ஆஷ் ஒருமுறை ஏய்ஜியிடம் சொல்கிறான். வாஸ்தவம். ஆனால் ஏய்ஜி அதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டான்: நீ சிறுத்தை இல்லை, மனுஷன், உன் விதியை நீ மாற்றிக்கொள்ளலாம். கடைசிக் கடிதமும் அந்தப் பதிலைத்தான் திரும்பச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் ஆஷ் ஓடுகிறான். ஓடிய கால்களே சிறுத்தைக்கு மறுப்பு இல்லையா?

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஷ் கதையில் பலமுறை சாகத் துணிகிறான். ஏய்ஜியைக் காப்பாற்ற உயிரைக் கொடுப்பது அவனுக்குப் பெரிய விஷயமே இல்லை. இந்தக் கடைசிச் சாவு மட்டும் ஏய்ஜிக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. யோஷிதாவே பிற்பாடு எழுதிய பின்கதையில் ஏழு வருஷம் கழித்தும் ஏய்ஜி அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை. தன் சாவு இவனை என்ன செய்யும் என்று ஆஷுக்குத் தெரியாதா? தெரிந்தும் திரும்பி நடந்தான் என்றால் அது வேறு ஆஷ். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம் காரைக்குடிக்கு இந்த மாதிரி வழக்கு புதிதில்லை. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர், ‘இது இவனுக்குத் தகுமா’ என்று பாத்திரங்களைக் கூண்டில் ஏற்றிப் பட்டிமண்டபம் நடத்திப் பழகிய ஊர். கும்பகருணனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனும் சாவோம் என்று தெரிந்துதான் களத்துக்கு வருகிறான். தம்பி வீடணன் அங்கேயே வந்து, இந்தப் பக்கம் வந்துவிடு என்று அழைக்கிறான். தப்பிக்க வழி திறந்தே இருக்கிறது. அண்ணன் செய்தது தப்பு என்று இராவணன் முகத்துக்கு நேரே சொன்னவன்தான் இவன். ஆனாலும் “போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்” என்று மறுத்துவிடுகிறான். நாம் அழுகிறோம், கம்பரோடு சண்டைக்குப் போவதில்லை. ஏனென்றால் அவன் வாயாலேயே கேட்டுவிட்டோம். வாலிக்கும் அப்படித்தான்: அம்பு பாய்ந்த பிறகு எத்தனை பாட்டு அவனுக்கு! மறைந்து நின்று அடித்தவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறான். ஆஷுக்குக் குத்துப்பட்ட பிறகு ஒரு வார்த்தை கிடையாது. ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். சிரிப்பை யார் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

இந்த முடிவுக்காக வாதாட வேண்டுமென்றால் நான் இப்படி வாதாடுவேன்: ‘தன் பக்கத்தில் இருந்தால் ஏய்ஜிக்கு ஆபத்து, அவன் குண்டடி பட்டதே தன்னால்தான்’ என்ற எண்ணம் ஆஷை அரித்துக்கொண்டிருந்தது, ஓடிப் போகிற வழியிலேயே கத்தி விழுந்ததும், ‘பார்த்தாயா, இது உன்னை விடாது’ என்று அவனுக்கே தோன்றிவிட்டது. இது பொருந்துகிற காரணம். ஆனால் இதை நான் யோசித்துச் சொல்கிறேன், திரையில் பார்த்துச் சொல்லவில்லை.

தோழிகளின் “நிஜ வாழ்க்கை” வாதத்துக்கு அதிகம் அசைந்துகொடுக்காதீர்கள். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது நடந்தே ஊர் திரும்பியவர்களையும், திரும்பாமலே போனவர்களையும் பற்றி நம் பக்கத்துக் கிழவிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எங்கே செத்தார், எப்படிச் செத்தார் என்று சொல்ல ஆளில்லாத சாவுகள். வாழ்க்கை காரணம் சொல்லாது, சரி. கதை சொல்ல உட்கார்ந்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எழுதுங்கள். ஆனால் உங்கள் முடிவையும் இதே கூண்டில்தான் ஏற்றுவேன். ஆஷை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒரு பத்தி போதும். கண் விழித்த பிறகு? அவன் லாவைச் சுட்டிருக்கிறான். சிங் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் என்ன பேசுவான்? அப்புறம் ஏய்ஜியின் ஊரான இஸுமோவுக்கே கூட்டிப் போனாலும், சின்னச் சத்தத்துக்கெல்லாம் துப்பாக்கியைத் தேடுகிறவன் அந்த அமைதியான வீட்டில் எப்படிக் குடியிருப்பான்? பெரும்பாலானவர்கள் நேரே இஸுமோவுக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் சிங் வருகிற காட்சியை முதலில் எழுதுங்கள். அது சரியாக வந்தால் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.

அன்புடன்,
ஆச்சி